பதின்ம வயதில் முதல் கார்: பழைய கார் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உறவினர் பிள்ளைகளில் யாருக்காவது ஓட்டுநர் உரிமம் கிடைத்தால், அடுத்த வாரமே எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போகிறோம், துணைக்கு வர முடியுமா என்று கேட்பார்கள். நான் மெக்கானிக் அல்லன். ஆனால் பல ஆண்டுகளாக இப்படிப் போய்வந்ததில், கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதைக் கண்டேன். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டமும் வரியும் காப்பீட்டு விதிகளும் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் அவற்றைப் பொதுவாக மட்டுமே தொட்டிருக்கிறேன். இரும்பும் ரப்பரும் எங்கும் ஒரே மாதிரிதான் தேய்கின்றன.

சேமிப்பு முழுவதையும் காருக்கே கொடுத்துவிடலாமா? கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் இன்னும் நல்ல கார் கிடைக்குமே?

கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றக் கட்டணம், வரி, முதல் ஆண்டுக் காப்பீடு ஆகியவற்றை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சும் தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு இருப்பதுதான் காரின் விலையாக நீங்கள் கொடுக்கக்கூடிய தொகை. பலர் காரை விற்க முடிவு செய்வதே ஒரு பெரிய செலவு வாசலில் வந்து நிற்கும் நேரத்தில்தான்: நான்கு டயர்களும் ஒன்றாகத் தேய்ந்திருக்கும், எஞ்சினுக்குள் இருக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டிய காலம் நெருங்கியிருக்கும், கிளட்ச் வழுக்கத் தொடங்கியிருக்கும். அந்தச் செலவு இப்போது உங்களுடையது.

தனியே வைத்த பணம் மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் மகிழ்ச்சி. என் அனுபவத்தில் அப்படி இருந்ததை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. என் பெயரிலேயே வாங்க முடியுமா?

உரிமம் பெறும் வயதும் ஒப்பந்தம் செய்யும் வயதும் ஒன்றல்ல. பதினாறு, பதினேழு வயதில் உரிமம் கொடுக்கும் நாடுகளிலும்கூட, பதினெட்டு நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, அல்லது பின்னர் அவரால் ரத்து செய்யப்படக்கூடியது என்ற நிலை பரவலாக உண்டு. இதனால்தான் விற்பனையாளர்கள் தயங்குகிறார்கள்; கடன் கொடுப்போர் மறுத்தேவிடுகிறார்கள். நடைமுறையில் அப்பா, அம்மா அல்லது பாதுகாவலர் பெயரில் பதிவு செய்து, வயது வந்தபின் மாற்றிக்கொள்வதே சிக்கலில்லாத வழி. ஆனால் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே அபராதமும் வழக்கும் போகும் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுத் தொகையைக் கேட்டதும் தலை சுற்றிவிட்டது. கார் விலைக்கே வந்துவிடும் போலிருக்கிறதே, ஏன்?

இளம் ஓட்டுநர்களுக்கு அதிகத் தொகை கேட்பதற்குக் காரணம் அவர்கள் மீதான வெறுப்பு அன்று, கணக்கு. அமெரிக்கப் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டால், 16 முதல் 19 வயது வரையுள்ளவர்கள் உயிரிழப்பு நேரும் விபத்தில் சிக்கும் விகிதம், ஓட்டிய தூரத்தை வைத்துப் பார்க்கும்போது, 20 வயதைக் கடந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. வயதைக் கணக்கில் எடுக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் இந்த வேறுபாட்டைத்தான் கட்டணமாக மாற்றுகின்றன.

எனவே காரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காப்பீட்டை விசாரிப்பது தலைகீழான வரிசை. மனத்தில் இருக்கும் மூன்று நான்கு மாடல்களுக்கும் முதலில் காப்பீட்டுத் தொகையைக் கேட்டு எழுதி வையுங்கள். எஞ்சின் திறன் குறைந்த, உதிரி பாகம் மலிவாகக் கிடைக்கும் சாதாரணக் காருக்கும், அதே விலையில் கிடைக்கும் பழைய வேகக் காருக்கும் உள்ள வேறுபாடு உங்களை உடனே தெளியவைக்கும்.

அப்பாதான் முக்கிய ஓட்டுநர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் ஓட்டினால் தொகை குறையுமாமே?

குறையும், விபத்து நடக்கும் நாள் வரை. தினமும் ஓட்டுபவர் நீங்கள் என்பது விசாரணையில் தெரிந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். அதைப் பொய்த் தகவல் என்று மோசடியாகக் கருதும் இடங்களும் உண்டு. அப்பா உண்மையிலேயே காரை அதிகம் ஓட்டி, நீங்கள் எப்போதாவது ஓட்டினால் அதை அப்படியே சொல்லலாம். அதில் தவறில்லை.

எந்த மாடல் வாங்கலாம் என்று ஒரே ஒரு பெயர் சொல்லுங்களேன்?

இதைக் கேட்காதவரே இல்லை, நான் பதில் சொல்லாததும் இது ஒன்றுதான். பத்து ஆண்டுகள் ஓடிய பிறகு ஒரே மாடலின் இரண்டு கார்கள் இரண்டு வேறு கார்கள் ஆகிவிடுகின்றன. குறித்த காலத்தில் ஆயில் மாற்றி, ரசீதுகளைக் கோப்பில் அடுக்கி வைத்தவருடைய சுமாரான மாடல், கவனிப்பில்லாமல் ஓடிய புகழ்பெற்ற மாடலைவிட நன்றாக ஓடும். நீங்கள் வாங்குவது முந்தைய உரிமையாளரின் பழக்கத்தை.

மாடலைச் சுருக்குவதற்கு ஒரே ஒரு வழியைச் சொல்வேன். உங்கள் பகுதியில் அதிகம் விற்ற, இன்றும் தெருவில் நிறையத் தென்படும் கார்களில் இருந்து தேர்ந்தெடுங்கள். அவற்றைப் பிரித்துப் பழகிய கைகள் எங்கும் இருக்கும். உதிரி பாகங்கள் பழையதாகவும் புதியதாகவும் கிடைக்கும். அபூர்வமான கார் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதன் கதவுக் கைப்பிடி உடைந்தால் எங்கே வாங்குவது என்று முதலில் விசாரியுங்கள்.

விலை குறைந்த காரில் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியுமா? எதை விட்டுக்கொடுக்கக் கூடாது?

இஎஸ்சி எனப்படும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். வளைவிலோ ஈரச் சாலையிலோ கார் சறுக்கத் தொடங்கும்போது, தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து வண்டியை நேர்ப்படுத்தும் அமைப்பு இது. அனுபவம் குறைந்த கைகளுக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து விற்கப்பட்ட புதிய கார்களிலும் இது கட்டாயமானது. வேறு சந்தைகளில் ஒரே மாடலின் விலை உயர்ந்த வகையில் மட்டும் இருந்திருக்கலாம். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சறுக்கும் கார் போன்ற ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு அடுத்து, முன்புறக் காற்றுப்பைகளோடு பக்கவாட்டுக் காற்றுப்பைகளும் இருப்பது நல்லது.

மோதல் சோதனை நட்சத்திரங்களைப் பார்க்கும்போது ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 1997இல் முடிவுகளை வெளியிடத் தொடங்கியதிலிருந்து சோதனைகளைத் தொடர்ந்து கடுமையாக்கி வருகிறது. 2005இன் ஐந்து நட்சத்திரமும் 2018இன் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. மிகச் சிறிய, எடை குறைந்த கார் பெரிய வண்டியோடு மோதும்போது நட்சத்திரங்கள் முழுமையாகக் காப்பாற்றா என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, தயாரிப்பாளர் திரும்ப அழைத்த குறைபாடு ஏதேனும் சரிசெய்யப்படாமல் இருக்கிறதா என்பது. தகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளில் இருந்த வேதிப்பொருள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் சீர்கெட்டு, விபத்தின்போது உலோகக் கூடே வெடித்துத் துண்டுகளாகச் சிதறியதால் உலகெங்கும் பல கோடிக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றுள் சில இன்னும் பழைய காற்றுப்பையோடேயே கைமாறுகின்றன. காரின் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திலோ கொடுத்துக் கேளுங்கள். இத்தகைய பழுதுகளை வழக்கமாக இலவசமாகவே சரிசெய்து தருவார்கள்.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தால் வாங்கக் கூடாது?

எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 முதல் 20,000 கி.மீ. ஓடுவது இயல்பான பயன்பாடு. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 1,50,000 கி.மீ., நகர நெரிசலில் நின்று நின்று ஓடிய 80,000 கி.மீட்டரைவிட எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் இலேசானது. பத்தாண்டில் 20,000 கி.மீ. மட்டுமே ஓடிய காரைக் கண்டும் மயங்க வேண்டாம். நிற்கும் காரிலும் ரப்பர் குழாய்களில் விரிசல் விழுகிறது, பெட்ரோல் தொட்டியில் கசடு படிகிறது, பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

கிலோமீட்டரை விட முக்கியமான கேள்வி டைமிங் பெல்ட்டைப் பற்றியது. பல எஞ்சின்களில் இந்த ரப்பர் பட்டை அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே பாழாகும். மாடலைப் பொறுத்து 60,000 முதல் 1,60,000 கி.மீட்டருக்குள், அல்லது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை, இதை மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையிலிருந்து கழியுங்கள். சில எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருக்கும். அதற்கு ஆயுள் அதிகம், ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் அதுவும் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சலசலக்கும்.

மீட்டரைத் திருப்பியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

காலும் கையும் பட்ட இடங்களைப் பாருங்கள். மீட்டரில் 45,000 கி.மீ. என்றிருக்கும், கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரியும். ஸ்டியரிங்கின் மேற்பகுதி பளபளக்கும், ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க ஓரம் அமுங்கிக் கிழிந்திருக்கும். இத்தனை தேய்மானம் 45,000இல் வராது. நேர்மாறாக, எல்லாமே பழையதாக இருக்க மிதி ரப்பர்கள் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் கேள்வி கேளுங்கள்.

காகிதங்கள் இதைவிட உறுதியான சாட்சி. பழைய சர்வீஸ் ரசீது, புகைப் பரிசோதனைச் சான்று, ஆயில் மாற்றியபோது கதவுத் தூணில் ஒட்டிய சிறு தாள் ஆகியவற்றில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அவற்றை வரிசைப்படுத்தினால் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை பானெட்டின் உட்புறம் ஒட்டியிருந்த, எண்ணெய் படிந்து மங்கிய தாளைத் துணியால் துடைத்துப் பார்த்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மீட்டரில் இருப்பதைவிட 60,000 கி.மீ. அதிகமாக எழுதியிருந்தது. விற்பவர் அதைக் கிழிக்க மறந்துவிட்டார்.

பெட்ரோலா, டீசலா, ஹைபிரிடா, மின்சாரமா?

முதல் காருக்கு, குறைந்த விலையில், பெட்ரோல்தான் என் பரிந்துரை; பழுது பார்க்க எளிது, ஒளிந்திருக்கும் பெரிய செலவுகள் குறைவு. கல்லூரிக்கும் வீட்டுக்கும் இடையே தினம் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நவீன டீசல் சிறிதும் பொருந்தாது. அதன் புகைப்போக்கியில் உள்ள கரி வடிகட்டி, நீண்ட தூரம் சீராக ஓடிச் சூடேறினால்தான் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். குறுந்தூர ஓட்டத்தில் அடைத்துக்கொண்டு, மாற்றும்போது பெருந்தொகை கேட்கும்.

மின்சாரக் கார் என்றால் பேட்டரியின் இன்றைய திறன் எத்தனை சதவீதம் என்ற சோதனை அறிக்கை இல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள். பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகிறார்கள், அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, புதிய உரிமையாளருக்கு அது மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஹைபிரிடுக்கும் இதே விதிதான்.

தனி நபரிடம் வாங்குவது நல்லதா, விற்பனை நிலையத்தில் வாங்குவது நல்லதா?

தனி நபரிடம் விலை குறையும், காரின் கதையும் கிடைக்கும். ஆனால் வாங்கிய பின் கோளாறு வந்தால் பெரும்பாலும் நீங்களே பொறுப்பு. விற்பனை நிலையத்தில் விலை கூடும், ஓரளவு உத்தரவாதமும் சட்டப் பாதுகாப்பும் கிடைக்கலாம், ஆனால் எழுத்தில் இருப்பது மட்டுமே உத்தரவாதம். தனி நபர் போல விளம்பரம் கொடுக்கும் தரகர்களும் உண்டு. தொலைபேசியில் எந்தக் கார் என்று சொல்லாமல் “காரைப் பற்றிப் பேச அழைத்தேன்” என்று மட்டும் சொல்லுங்கள், “எந்தக் கார்?” என்று அவர் கேட்டால் அவரிடம் பல கார்கள் இருக்கின்றன.

காரைப் பார்க்கப் போகும்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

கையைப் பானெட்டின் மேல் வையுங்கள். சில்லென்றிருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் மட்டும் வெளிப்படும் கோளாறுகளை மறைக்கிறார்கள் என்று ஐயப்படலாம். வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில், மழையில்லாதபோது பாருங்கள். ஈரமான காரில் எல்லாப் பெயின்ட்டும் அழகாகத்தான் தெரியும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு போலப் படிந்திருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கலாம், அதாவது இவை இரண்டும் கலக்காமல் எஞ்சினின் மேற்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். குறுந்தூரமே ஓடும் கார்களில் குளிர்காலத்தில் ஈரத்தாலும் இது சிறிதளவு வரும் என்பதால், மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒருவர் ஸ்டார்ட் செய்ய, நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். குளிர்ந்த காலையில் வந்து சற்று நேரத்தில் மறையும் வெண்மை நீராவிதான். சூடேறிய பின்னும் இனிப்பு வாசனையோடு நிற்காமல் வரும் வெண்புகை கூலன்ட் எரிவதைக் காட்டும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். பெட்ரோல் காரில் கரும்புகை, எரிபொருள் அளவுக்கு மீறிப் போவதைக் காட்டும்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளங்களின் ஆழம் பல நாடுகளில் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் டயரோடு முடியாது. சக்கர அலைன்மென்ட்டோ சஸ்பென்ஷனோ கெட்டிருக்கிறது.

விபத்தில் அடிபட்டதா, வெள்ளத்தில் நின்றதா என்று எப்படித் தெரியும்?

அடிபட்ட காரைக் கண்டுபிடிக்கக் கோடுகளைப் பாருங்கள்: பானெட்டுக்கும் முன்பக்கத் தகடுகளுக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். தகடுகளைப் பிணைக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது. பெயின்ட் தடிமன் அளக்கும் சிறு கருவி மெக்கானிக்கிடம் இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் இருக்கும், ஒரே கதவில் 600, 700 என்று காட்டினால் அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள். கதவில் சிராய்ப்புக்குப் பட்டி பார்ப்பது குற்றமில்லை. சேசிஸ் தண்டில் வெல்டிங் செய்திருந்தால் வேறு பேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள்.

வெள்ளத்துக்கு இருக்கைப் பட்டைதான் சாட்சி. அதை முழுவதும், இனி வராது என்னும் வரை இழுங்கள். விற்பவர் இருக்கைகளையும் தரைவிரிப்பையும் கழுவிவிடுவார். சுருளின் கடைசிச் சாண் நீளத்தைப் பெரும்பாலும் யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்று நிறக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும், இருக்கையின் தண்டவாளத் திருகுகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். வெள்ளம் பார்த்த காரின் மின்சாரக் கோளாறுகள் பல மாதம் கழித்து ஒவ்வொன்றாக வெளிவரும். எவ்வளவு மலிவானாலும் அது முதல் காருக்கு உகந்ததன்று.

டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. அப்படியென்றால் கோளாறு இல்லைதானே?

அப்படி முடிவுகட்ட முடியாது. ஸ்டார்ட் செய்வதற்கு முந்தைய ‘ஆன்’ நிலைக்குச் சாவியைத் திருப்பும்போது எஞ்சின், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு), காற்றுப்பை விளக்குகள் எல்லாம் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கிய சற்று நேரத்துக்குள் அணைந்திருக்க வேண்டும். எரியவே எரியாத விளக்கு, பிடுங்கப்பட்ட அல்லது மறைக்கப்பட்ட விளக்காக இருக்கலாம்.

இதைவிட நுட்பமான தந்திரம் ஒன்று உண்டு. நீங்கள் வருவதற்குச் சற்று முன்பு, எஞ்சின் கணினியில் பதிவாகியிருக்கும் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். சில நாள் ஓடிய பிறகுதான் மறுபடி எரியும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, ஓபிடி எனப்படும் கோளாறு அறியும் இணைப்பில் சிறு ஸ்கேனரைச் செருகினால், எஞ்சின் கணினியின் சுய பரிசோதனைகள் முடிந்தனவா இல்லையா என்று காட்டும். அவற்றுள் பல “முடியவில்லை” என்றிருந்தால் அண்மையில் குறியீடு அழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. “பேட்டரி மாற்றினேன்” என்று விற்பவர் சொன்னால், பேட்டரி புதிதா என்று பாருங்கள். புதிதாக இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி வருவதாகச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பதற்றத்தில் எதையுமே கவனிக்க முடிவதில்லை. என்ன செய்வது?

அனுபவமுள்ள ஒருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் அமர்ந்து காதுக்கு வேலை கொடுங்கள், பிறகு மாறிக்கொள்ளுங்கள். பாட்டை நிறுத்துங்கள், ஏசியை முதலில் அணைத்தும் பிறகு போட்டும் பாருங்கள், குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெப்பநிலை முள் நடுவில் நிலைத்து நிற்க வேண்டும். உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது கடகடவென்று ஒலித்தால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொடுக்கும் தண்டின் மூட்டு தேய்ந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் காரில் ரிவர்சுக்கு மாற்றும்போது நீண்ட தாமதமோ பலத்த உதறலோ இருக்கக் கூடாது. அந்தப் பழுதின் செலவு சில நேரம் காரின் விலையையே தொட்டுவிடும்.

இவ்வளவையும் நாமே பார்த்துவிட்டால் மெக்கானிக் எதற்கு?

நாம் பார்ப்பது வேண்டாத கார்களைக் கழிப்பதற்காக. மிஞ்சிய ஒன்றை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்க மெக்கானிக் வேண்டும். அவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், விற்பவருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது. “நேற்றுதான் காட்டினேன், எல்லாம் சரியாக இருக்கிறதென்றார்” என்பவரிடம், பரிசோதனைச் செலவு என்னுடையது என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அவருக்கு என்னவோ தெரிந்திருக்கிறது.

சின்ன வயது என்பதால் பேரம் பேசினால் மதிக்கவே மாட்டேன் என்கிறார்கள். எப்படிப் பேசுவது?

பேச்சால் குறைக்க முயல வேண்டாம்; தாளால் குறையுங்கள். நான்கு டயர்களின் விலை, டைமிங் பெல்ட் மாற்றும் கூலி, மெக்கானிக் கண்டுபிடித்த கசிவைச் சரிசெய்யும் செலவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டி, அதை அவர் முன் வையுங்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இப்படித் தாளை நீட்டியபோது, அதுவரை அவளுடைய மாமாவிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்த விற்பனையாளர் முதன்முறையாக அவள் பக்கம் திரும்பிப் பேசியதைப் பார்த்தேன். “வேறொருவர் மாலையில் பணத்தோடு வருகிறார்” என்று சொன்னால், அவருக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி எழுந்துவிடலாம்.

எந்தக் காகிதத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது?

பதிவுச் சான்றில் உள்ள பெயரும், உங்கள் முன் நிற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சேசிஸ் எண் 17 எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு குழம்பாமலிருக்க ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ ஆகியவை அதில் வருவதில்லை. முன்கண்ணாடிக்குக் கீழேயும், கதவுத் தூணிலும், உடற்பகுதியிலும், சான்றிலும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் ரிவெட் புதிதாகவோ தகடு சுரண்டப்பட்டதாகவோ இருந்தால் விலகிவிடுங்கள்.

காரின் மீது கடன் பாக்கி இருக்கிறதா என்பதைப் பதிவு அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர் வண்டியை உங்களிடமிருந்தே எடுத்துச்செல்ல இயலும் இடங்கள் உண்டு. கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வந்தபின், முழுத் தொகையையும் வங்கி வழியாகச் செலுத்தி, தேதியும் நேரமும் மீட்டர் எண்ணும் குறித்த ரசீதை இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது: அன்று காலை அவர் வாங்கிய அபராதம் உங்கள் தலையில் விழாமலிருக்க அது உதவும்.

விலை பாதிதான் கேட்கிறார். வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் காரை அனுப்பிவிடுவாராம். நம்பலாமா?

வேண்டாம். அங்கே கார் இல்லை.

கொஞ்சம் கடன் வாங்கினால் இன்னும் புதிய கார் கிடைக்கும். வாங்கலாமா?

பழைய காருக்கான கடனுக்குப் புதிய காருக்கானதைவிட வட்டி பொதுவாக அதிகம். கடன் வரலாறே இல்லாத இளைஞருக்கு இன்னும் அதிகம். மேலும், கடன் இருக்கும்வரை முழுக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று கடன் கொடுப்பவர் வற்புறுத்துவார். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டிலேயே கரைந்துவிடும். வேலைக்குப் போக வண்டி கட்டாயம் என்றால் மட்டும், தவணையை மாத வருமானத்தோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதுவும் காரின் எதிர்பார்க்கும் ஆயுளைவிடக் குறைந்த காலத்தில் தீரும் கடனாக இருக்க வேண்டும்.

வாங்கிவிட்டேன். முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்கு முன்பே காப்பீடு உங்கள் பெயரில் தொடங்கியிருக்க வேண்டும். விற்றவருடைய காப்பீடு உங்களையும் காக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பிறகு எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள், விற்றவர் நேற்றே மாற்றியதாகச் சொன்னாலும். பிரேக் ஆயிலைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். தேதி தெரியாவிட்டால் அதையும் மாற்றுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டைக் காரிலேயே வைத்து, தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த தொகை என்று எழுதத் தொடங்குங்கள். ஒலிபெருக்கியும் அலங்கார விளக்குகளும் மூன்று மாதம் பொறுக்கலாம்.

ஒரு வருடம் ஆயிற்று. இப்போது கேட்கும் பழுதுச் செலவு காரின் மதிப்பில் பாதிக்கு மேல். சரிசெய்வதா, விற்பதா?

இதுவரை போட்ட பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எப்படியும் திரும்பி வரப்போவதில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பழுதைச் சரிசெய்தால் இன்னும் ஓராண்டு பெரிய செலவில்லாமல் ஓடுமா? கிளட்ச், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவை மாற்றினால் அத்தோடு தீரும் வேலைகள். மற்ற பாகங்கள் திடமாக இருந்தால், அதே தொகையில் நீங்கள் அறியாத இன்னொரு பழைய காரை வாங்குவதைவிட, நன்கு அறிந்த இந்தக் காரைச் சரிசெய்வது பெரும்பாலும் மலிவு. அடிப்பாகத்தில் துரு உடற்சட்டத்தைத் தின்றுவிட்டாலோ, எஞ்சினும் கியர்பாக்சும் ஒருசேரத் தளர்ந்தாலோ நிறுத்திக்கொள்ளலாம்.

விற்பதென்று முடிவு செய்தால், உள்ளது உள்ளபடியே பழுதோடு விற்று விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாங்க வருபவர் ஓராண்டுக்கு முன் நீங்கள் இருந்ததைப் போலவே தயங்கித் தயங்கிப் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். மெக்கானிக் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளையும், காரில் இருக்கும் அந்தக் குறிப்பேட்டையும் அவர் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.